அயலாரும் அயல்நாட்டாரும்

நான் தொழில் புரியும் யப்பானிய ஊரில், வீடுகளுக்கிடையே ஒரு பலகை சுற்றி வருவதுண்டு. குப்பை கொண்டுபோகும் நாள், வாய்க்கால் துப்புரவு செய்யும் ஞாயிறு, நிலநடுக்கப் பயிற்சி, கோவில் விழாவுக்கான நன்கொடை ஆகியன பற்றிய அறிவித்தல்களை அதிற் செருகியிருப்பர். ஒரு வீட்டார் படித்துத் தம் பெயருக்கு நேரே முத்திரை பதித்தபின், அடுத்த வீட்டு வாயிலில் வைத்துவிடுவர். பெருநகரங்களில் இவ்வழக்கம் அருகி வருகின்றது. எங்கள் ஒழுங்கையில் அது இன்னும் அழியவில்லை.

நான் குடிவந்த முதல் மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பலகை என் வாயிலுக்கு வந்ததேயில்லை. இடப்புற வீட்டிலிருந்து வலப்புற வீட்டுக்கு அது என்னைத் தாண்டிச் சென்றுவிடும். எவரும் என்னிடம் வன்மம் பாராட்டினாரல்லர். காலையில் முகமன் கூறுவர். மழை பெய்தால் குடை தருவர். தோட்டத்திற் காய்த்த முள்ளங்கியைக் கதவோரம் வைத்துச் செல்வர். ஆயினும் பலகை வரவில்லை. யப்பானில் அயல்நாட்டவன் வாழ்வு எத்தகையது என்று எவரேனும் வினவினால் இந்தச் சிறு செய்தியையே நான் முதலிற் கூறுவேன். இன்று அந்நாட்டிற் பெரும் விவாதமாக மூண்டுள்ள பிரச்சினை முழுவதும் இந்தப் பலகைக்குள் அடங்கிவிடுகின்றது என்பது என் எண்ணம்.

எண்கள் கூறும் கதை

யப்பானின் சனத்தொகை 2008ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 12 கோடியே 80 இலட்சமாக உச்சம் எய்தியது. அன்று தொட்டு இறங்குமுகம். 2024ஆம் ஆண்டில் அங்கு பிறந்த யப்பானியக் குழந்தைகள் 6 இலட்சத்து 86 ஆயிரம் மட்டுமே; கணக்கெடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு இத்தொகை 7 இலட்சத்துக்குக் கீழே வீழ்ந்தது அதுவே முதல் தடவை. 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 29 பேர். வயலில் நிற்பவரும் முதியவர். அவரைப் பார்க்க வரும் வைத்தியரும் முதியவர்.

இவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்களே என் போன்றோர். 2024ஆம் ஆண்டு முடிவில் அங்கு வதிந்த அயல்நாட்டவர் ஏறக்குறைய 37 இலட்சத்து 69 ஆயிரம் பேர். 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இத்தொகை 39 இலட்சத்தைத் தாண்டியது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கணக்கின்படி தொழில் புரிந்தோர் மாத்திரம் 23 இலட்சம். அவர்களுள் நால்வரில் ஒருவர் வியட்நாமியர். ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆனால், எல்லாரும் ஒரே முகம், ஒரே மொழி என்று பல தலைமுறையாகத் தமக்குத் தாமே கூறிக்கொண்டு வந்த ஒரு சமுதாயத்துக்கு இது சிறு தொகையன்று.

பக்கக் கதவுகள்

வியப்பு யாதெனின், இத்தனை பேரை வரவழைத்த பின்னரும், அந்நாட்டு அரசாங்கம் தனக்குக் குடியேற்றக் கொள்கை என்று ஒன்று இல்லை எனக் கூறிவந்தமையே. 2018ஆம் ஆண்டிற் புதிய சட்டத்தைக் கொண்டு வந்தபோது பிரதமர் அபே நாடாளுமன்றத்தில் அவ்வாறே கூறினார். முன்வாயிலை மூடி வைத்துவிட்டுப் பக்கக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பதே அங்கு நெடுங்கால வழக்கம்.

முதற் கதவு 1990ஆம் ஆண்டிற் திறந்தது. 1908ஆம் ஆண்டு தொட்டுப் பிரேசில் நாட்டுக்குக் குடிபெயர்ந்த யப்பானியரின் வழித்தோன்றல்கள் தொழில் தேடித் திரும்பிவர அனுமதி பெற்றனர். இரத்தம் ஒன்றாதலால் பழக்கமும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணினர் போலும். வந்தவரோ போர்த்துக்கேய மொழி பேசினர். 2008ஆம் ஆண்டில் உலகப் பொருளாதாரம் தளர்ந்து ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது, அரசாங்கம் 2009ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது: வேலையிழந்தவருக்கு 3 இலட்சம் யென், அவரைச் சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் 2 இலட்சம் யென், பெற்றுக்கொண்டு ஊர் திரும்புக, அதே உரிமையோடு மீண்டும் உடனே வரற்க. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை ஏற்றுச் சென்றனர். பிள்ளைகள் யப்பானியப் பாடசாலையிற் பயின்றுகொண்டிருந்த குடும்பங்களும் அவற்றுள் இருந்தன.

இரண்டாம் கதவு 1993ஆம் ஆண்டுத் தொழிற் பயிற்சித் திட்டம். வளர்முக நாட்டு இளைஞருக்கு யப்பானியத் தொழில்நுட்பத்தைக் கற்பித்து அனுப்புவது என்பது அதன் பெயரளவான நோக்கம். நடைமுறையிலோ தையல் ஆலை, மீன் பதனிடும் கொட்டகை, கட்டட வேலை, மரக்கறித் தோட்டம் ஆகியவற்றுக்கு ஆள் சேர்க்கும் வழியாகவே அது அமைந்தது. பயிலுநர் தம் எசமானரை மாற்றிக்கொள்ள இயலாது. குடும்பத்தை அழைத்துவர இயலாது. ஊரிற் தரகருக்குக் கொடுத்த பணம் கடனாய் நிற்கும். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த அரசாங்கக் கணக்கெடுப்பொன்றில், வியட்நாமிலிருந்து வந்தோர் புறப்படுமுன் செலுத்திய தொகை சராசரி ஏழு இலட்சம் யென்னை நெருங்கியது. கடன் பின்னே இழுக்க, கதவு முன்னே மூட, 2023ஆம் ஆண்டில் ஒன்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பயிலுநர் தத்தம் வேலைத்தலங்களை விட்டு மறைந்தனர். ‘ஓடிப்போனவர்’ என்று பத்திரிகைகள் எழுதின. எதிலிருந்து ஓடினர் என்று கேட்டோர் சிலரே.

மூன்றாம் கதவு 2019ஆம் ஆண்டு ஏப்ரிலிற் திறந்தது. ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்குத் தேர்ச்சிபெற்ற தொழிலாளரை நேரடியாக அழைக்கும் முறை இது. அவ்வாண்டு யூனில் இலங்கையும் இதற்கான ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது. இதிலும் முதற் படியில் ஐந்தாண்டு எல்லை உண்டு, குடும்பத்துக்கு இடமில்லை.

நன்மை நடக்கவில்லை என்று கூறுவது நியாயமன்று. பயிற்சித் திட்டத்தை ஒழித்துப் புதியதொன்றை நிறுவும் சட்டம் 2024ஆம் ஆண்டு யூனில் நிறைவேறியது. 2027ஆம் ஆண்டு ஏப்ரில் அதன் தொடக்கமென வகுக்கப்பட்டது. ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஓரிடத்தில் உழைத்தவர், மொழித் தேர்ச்சியும் தொழிற் தேர்ச்சியும் இருப்பின், அதே துறையில் வேறிடம் நாடலாம் என்பது அதன் சிறப்பு. ஆயின் அதே வேளையில், வரியையும் காப்புறுதிக் கட்டணத்தையும் வேண்டுமென்றே செலுத்தாத நிரந்தரவாசியின் உரிமையைப் பறிக்கவும் வழி செய்யப்பட்டது. வரி ஏய்ப்பவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் யப்பானியன் ஏய்த்தால் அபராதம். அயல்நாட்டான் ஏய்த்தால் வீடே போய்விடும் என்பதுதான் உறுத்துகின்றது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் தடவிப் பார்க்கும் மனநிலை இது.

வீடு தேடிய படலம்

சட்டத்தின் இந்த அரைமனம் அன்றாட வாழ்விலும் தெரியும். நான் வீடு தேடியபோது தரகர் மிக்க பணிவோடு உபசரித்தார். தேநீர் தந்தார். பின்னர் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியிற் பேசுவார்: “வருபவர் அயல்நாட்டவர், ஆயினும் யப்பானிய மொழி பேசுவார்.” அந்த ‘ஆயினும்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு மௌனம் நிகழும். தரகர் கண்ணுக்குத் தெரியாத அம்மனிதருக்குத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் தொலைபேசியை வைப்பார். நான்கு வீடுகள் இவ்வாறு கைநழுவின. ஐந்தாவது வீட்டுக்காரர் ஒருவர் மாத்திரம், “குப்பையைப் பிரித்துப் போடுவாரா?” என்று கேட்டாராம். போடுவார் என்றதும் சம்மதித்தார்.

இது என் தனிப்பட்ட துர்ப்பாக்கியமன்று. 2017ஆம் ஆண்டில் நீதி அமைச்சு வெளியிட்ட ஆய்வின்படி, முந்திய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய அயல்நாட்டவருள் நூற்றுக்கு 39 பேர், அயல்நாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தனர். அவ்வாய்வை அரசாங்கமே நடத்தி அரசாங்கமே வெளியிட்டது என்பதையும் கூறவேண்டும். தன் குறையை எண்ணிக் கணக்கிட்டு வெளியிடும் நேர்மை அந்நாட்டுக்கு உண்டு.

ஆசிரியர்களாகிய வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யப்பானிற் கட்டாயக் கல்வி என்பது யப்பானியப் பிரசைகளுக்குரிய கடமையே. அயல்நாட்டுப் பிள்ளை விரும்பின் பாடசாலையிற் சேரலாம். சேராவிடின் தேடி வருவார் குறைவு. கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டில் முதன்முறையாக நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய இருபதினாயிரம் பிள்ளைகள் பாடசாலையில் இல்லாதிருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அவ்வாண்டே யப்பானிய மொழிக் கல்வியை வளர்ப்பதற்கான சட்டமும் பிறந்தது. கைகளை அழைக்கும்போது பிள்ளைகளும் உடன் வருவர் என்ற உண்மை, முதற் கதவு திறந்து 29 ஆண்டுகள் கழிந்தபின்னரே ஏட்டில் ஏறியது.

மட்சுயே வரை ஒரு பயணம்

கோடை விடுமுறையில் ஒக்கயாமாவிலிருந்து மலைகளை ஊடறுத்து மட்சுயே நகருக்கு இரயிலிற் சென்றேன். விரைவு இரயிலுக்கு ‘யாகுமோ’ என்று பெயர். நான் அதில் ஏறாமல் நிலையந்தோறும் நிற்கும் வண்டியையே தெரிந்தேன். நாட்டை அறிய விரும்புவோர் விரைந்து செல்லலாகாது. பல நிலையங்களில் அலுவலர் எவருமில்லை. சீட்டை வண்டியோட்டியே வாங்கிக்கொள்வார். ஏறியவர் மூதாட்டியர், இறங்கியவரும் அவரே. நடுவே சில நிலையங்களில் மாணவர் கூட்டமொன்று சிரித்தபடி ஏறி இறங்கிற்று. மலைச்சரிவு வயல்களிற் சில புற்காடாகிக் கிடந்தன. மட்சுயே அமைந்துள்ள ஷிமானே மாகாணத்தில் 1955ஆம் ஆண்டில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று ஆறரை இலட்சத்துக்கும் குறைவு.

மட்சுயேயில் கோட்டை அகழிக் கரையில் லவ்காடியோ ஹேர்ன் குடியிருந்த வீட்டைக் காத்து வைத்துள்ளனர். கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்த அவர் 1890ஆம் ஆண்டில் இந்நகருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். யப்பானியப் பெண்ணை மணந்தார். 1896ஆம் ஆண்டிற் கொயிசுமி யாகுமோ என்ற பெயரோடு அந்நாட்டுப் பிரசையானார். அவர் எழுதிய பேய்க்கதைகளை யப்பானியப் பிள்ளைகள் இன்றும் தம் கதைகளாகவே படிக்கின்றனர். சிறிய அவ்வீட்டின் மூன்று புறமும் தோட்டம் தெரிய, யாத்திரிகர் அமர்ந்து மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் இசுமோ நகரம். தொன்மையான பெருங்கோவிலாற் புகழ்பெற்ற அவ்வூரில், மின்னணு உறுப்புகள் செய்யும் ஆலை வேலைக்கு வந்த பிரேசில் நாட்டவர் ஆயிரக்கணக்கிற் குடியிருக்கின்றனர். ஒரே மாகாணத்தில் ஓர் அயல்நாட்டானின் வீடு நினைவுச் சின்னமாக விளங்குகின்றது. மற்றோர் அயல்நாட்டான் ஒப்பந்தம் முடியும் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றான். ஹேர்ன் மட்சுயேயில் வாழ்ந்ததோ ஓராண்டுக்குச் சிறிது மேல் மட்டுமே. நெடுங்காலம் வாழ்வதால் ஒருவன் சொந்தக்காரனாவதில்லை. ஏற்றுக்கொள்வோர் ஏற்றுக்கொள்வதாலேயே ஆகின்றான்.

நாகோயா தரும் பாடம்

ஏற்றுக்கொள்ளாமையின் எல்லை எது என்பதை இலங்கையராகிய நாம் மறக்கவியலாது. யப்பானிய மொழி கற்க 2017ஆம் ஆண்டிற் சென்ற நம் நாட்டு இளம்பெண் ஒருவர், அனுமதிக் காலம் கடந்தவர் என்று தடுத்து வைக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உயிர் துறந்தார். அவருக்கு வயது 33. துணைவனாய் வாழ்ந்தவனின் கொடுமைக்கு அஞ்சிப் பொலிசாரிடம் சென்றபோதே அவர் தடுத்து வைக்கப்பட்டார். நோயுற்றுத் தளர்ந்த நிலையிலும் உரிய வைத்தியம் கிட்டவில்லை என்று எழுந்த கண்டனம் யப்பானியரிடையிலிருந்தே எழுந்தது. மாணவரும் வழக்கறிஞரும் வீதிக்கு வந்தனர். குடிவரவுச் சட்டத் திருத்தத்தை அரசாங்கம் அவ்வாண்டு மே மாதத்திற் கைவிட்டது. ஆனால் திருத்திய வடிவில் அது 2023ஆம் ஆண்டு யூனில் நிறைவேறிற்று.

அதன்பின் காற்று மேலும் திரும்பியது. 2025ஆம் ஆண்டு யூலையில் நடந்த மேற்சபைத் தேர்தலில், ‘யப்பானியரே முதல்வர்’ என்ற கோஷத்தோடு நின்ற சன்செய்தோ கட்சி 14 ஆசனங்களை வென்றது. அவர்களுக்கு வாக்களித்தோர் அனைவரையும் கொடியவர் என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. வேதனம் உயரவில்லை, அரிசி விலை ஏறிற்று, பேரப்பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டனர். பழகிய தெரு மாறுகின்றது. காரணத்தைக் கூறுவார் இல்லாதபோது, கண்ணிற் படும் புதிய முகமே காரணமாகிவிடுகின்றது. குடியேற்றம் இல்லை என்று முப்பது ஆண்டுகளாகக் கூறிவந்த அரசாங்கம், மக்களை அதற்கு ஆயத்தம் செய்ய மறந்தது. அம்மறதியின் விலையையே இன்று இரு சாராரும் செலுத்துகின்றனர்.

மாற்று வழி உண்டு என்பதற்கும் யப்பானே சான்று. கவசாக்கி நகரம் 1996ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டுக் குடிகளின் ஆலோசனைச் சபையை அமைத்தது. பிரேசில் நாட்டவர் மிகுந்த நகரங்கள் 2001ஆம் ஆண்டில் ஹமமட்சுவிற் கூடி, பாடசாலை, காப்புறுதி, மொழி ஆகியவற்றில் மத்திய அரசாங்கம் தன் பொறுப்பை ஏற்க வேண்டுமென்று கோரின. டோக்கியோவுக்கு முன்னரே சிறு நகரங்கள் உண்மையைக் கண்டுகொண்டன. குப்பைக் கூடையருகே அன்றாடம் சந்திப்பவர் அவர்களல்லவா?

நம் தமிழில் ‘அயல்’ என்பது இருமுகம் கொண்ட சொல். அயலான் என்றால் அந்நியன். அயலவர் என்றால் பக்கத்து வீட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் தூரம் ஒரு வேலிதான். அந்த வேலியைக் கடக்க யப்பானுக்கு இப்போது அதிக காலம் இல்லை. யென்னின் மதிப்பு 2024ஆம் ஆண்டில் 1986க்குப் பின் காணாத அளவுக்கு வீழ்ந்தபோது, தொழிலாளர் கொரியாவையும் தாய்வானையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினர். தேர்ந்தெடுப்பது யப்பான் மட்டுமன்று.

நான்காம் ஆண்டில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு மூதாட்டி அந்தப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். “இத்தனை காலம் தொந்தரவு தரக்கூடாதென்று இருந்தோம்” என்றார். உண்மையாகவே அவ்வாறுதான் எண்ணியிருந்தார். பட்டியலின் அடியில் என் பெயரைத் தம் கையால் எழுதியிருந்தார். முத்திரை பதித்துவிட்டு, என் வீட்டுக்கப்பால் யார் என்று பார்த்தேன். ஒழுங்கையின் கோடியில், தையல் ஆலையிற் பயிலும் மூன்று வியட்நாமியப் பெண்கள் இருந்தனர். அவர்களுடைய பெயர் பட்டியலில் இல்லை.

பலகையை எடுத்துக்கொண்டு சென்று, வாய்க்கால் துப்புரவு எந்த ஞாயிறு என்று படித்துக் காட்டினேன். அவர்களுள் மூத்தவள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, “அன்று நாங்கள் இருப்போம்; அதற்கடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது” என்றாள். சொன்னபடியே அந்த ஞாயிறு காலை, எல்லார்க்கும் முன்னதாக, மூவரும் மண்வெட்டியோடு வந்து நின்றனர்.