குண்டு விழும் இடத்தில் கேமரா இல்லை!



போர் விமானம் வருகிற சினிமாப் படம் ஒன்றையாவது பார்க்காதவர் உங்களில் எவரும் இருக்க முடியாது. அதிகாலை வெளிச்சம், ஓடுதளம், பின்னணியில் இசை. கறுப்புக் கண்ணாடி அணிந்த அழகான விமானி கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறான். விமானம் சீறிப் பாய்கிறது. அரங்கில் விசில் பறக்கிறது. தூரத்தில், மிகத் தூரத்தில், ஒரு நெருப்புப் பந்து எழுகிறது. அடுத்த காட்சியில் கட்டித் தழுவல், கைதட்டல், கொடி!

அந்த நெருப்புப் பந்துக்குள் இருந்தவர் யார்? அவருக்குப் பெயர் உண்டா? பிள்ளைகள் உண்டா?

படம் அதைச் சொல்லாது. காரணம், கேமரா விமானியின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. குண்டு விழுகிற தெருவில் அது இல்லை. போர் விமானத்தைப் பற்றிய எந்தப் படத்தையும், எந்த ஓவியத்தையும் எடை போட ஒரே ஒரு கேள்வி போதும். கேமரா மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

முதல் குண்டும் முதல் புகழ்மாலையும்

உலக வரலாற்றில் விமானத்திலிருந்து முதன்முதலாகக் குண்டு வீசப்பட்ட இடம் எது தெரியுமா? லிபியா! 1911-ஆம் ஆண்டு உதுமானிய ஆட்சியில் இருந்த அந்த மண்ணை இத்தாலி ஆக்கிரமித்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி, டிரிப்போலிக்கு அருகில் அய்ன் ஸாரா, தாஜூரா பகுதிகளின் மேல் பறந்து நான்கு சிறு குண்டுகளைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். இத்தாலியின் புகழ்பெற்ற கவிஞர் டானுன்சியோ அந்த விமானியைப் போற்றிக் கவிதை எழுதினார். குண்டு போட்டவர் கவிதையில் ஏறினார். குண்டு விழுந்த பாலைச் சோலையில் இருந்தவர்களோ, பெயரற்ற 'அரபுகள்' ஆனார்கள். குண்டும் அதற்கான புகழ்மாலையும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன.

இரண்டு ஓவியங்கள்

இத்தாலியில் 1929-இல் 'வான் ஓவியம்' என்றே ஓர் இயக்கம் அறிக்கை விட்டுக் கிளம்பியது. முசோலினி ஆட்சியின் நிழலில் அது வளர்ந்தது. அந்த இயக்கத்தைச் சேர்ந்த துல்லியோ கிராலி 1939-இல் தீட்டிய ஓவியம் இன்றும் பேசப்படுகிறது. விமானியின் முதுகுக்குப் பின்னால் நாம் உட்கார்ந்திருக்கிறோம். விமானம் தலைகுப்புற ஒரு நகரத்தின் மீது பாய்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நம்மை நோக்கி எழும்பி வருகின்றன. பார்ப்பவனுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த நகரத்தில் ஒரு மனித முகம்கூட இல்லை!

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1937 ஏப்ரல் 26. ஸ்பெயின் நாட்டில் குவெர்னிகா என்ற சிற்றூர். அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். ஹிட்லர் அனுப்பிய ஜெர்மன் விமானங்களும் முசோலினியின் இத்தாலிய விமானங்களும் சேர்ந்து அந்த ஊரைச் சாம்பலாக்கின. வணிகப் பெருமக்களே! கடை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு சந்தை நாளை நினைத்துப் பாருங்கள். செய்தி அறிந்த பாப்லோ பிக்காஸோ, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்ட துணியில் 'குவெர்னிகா' ஓவியத்தை வரைந்தார். இறந்த குழந்தையை மடியில் ஏந்தி அலறும் தாய், துடிக்கும் குதிரை, உடைந்த வாளோடு விழுந்து கிடக்கும் மனிதன் எல்லாம் அதில் உண்டு. விமானம் மட்டும் இல்லை! உலகமே அறிந்த குண்டுவீச்சு ஓவியத்தில் ஒரு விமானம்கூடக் கிடையாது. பிக்காஸோ கீழே நின்று பார்த்தார். கிராலி மேலே உட்கார்ந்து பார்த்தார். வேறுபாடு அவ்வளவுதான்!

அந்த ஓவியத்துக்கு எவ்வளவு வலிமை தெரியுமா? அதன் திரைச்சீலை வடிவம் ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அரங்கின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக் மீது போர் தொடுப்பதற்கான காரணங்களை அடுக்க அங்கே வந்தார். அப்போது அது நீலத் துணியால் மூடப்பட்டிருந்தது! குண்டு போடப் புறப்படுகிறவர்களின் பின்னணியில் குழந்தையைப் பறிகொடுத்த தாய் தெரியக் கூடாதாம்!

சும்மா கொடுப்பார்களா விமானத்தை?

வியாபாரம் அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். கோடிக்கணக்கில் விலை போகும் போர் விமானத்தை ஒரு சினிமாக்காரருக்கு எந்த அரசாவது சும்மா கொடுக்குமா? கொடுத்தால் பதிலுக்கு என்ன வாங்கும்?

1927-இல் வெளிவந்த 'விங்ஸ்' படத்துக்கு அமெரிக்கப் போர்த்துறை விமானங்களையும் விமானிகளையும் அளித்தது. சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. அன்று தொடங்கிய கூட்டு இன்றுவரை முறியவில்லை. சினிமாக்காரர்களைக் கவனிக்கவென்றே பென்டகனில் தனி அலுவலகம் இருக்கிறது. விதி மிக எளிமையானது. கதையைக் கொண்டு வா, படித்துப் பார்க்கிறோம், பிடிக்காததை மாற்று, பிறகு விமானம் தருகிறோம்!

1986-இல் வந்த 'டாப் கன்' இப்படித்தான் உருவானது. கப்பல்தளமும் போர் விமானங்களும் கடற்படை தந்தவை. கதாநாயகனின் நண்பன் சாகும் விதம் கடற்படையின் யோசனைப்படி மாறியது. கதாநாயகி இராணுவப் பணியாளராக இருக்கக் கூடாது என்று அவளுடைய வேலையும் மாறியது. படம் ஓடிய தியேட்டர் வாசல்களிலேயே மேசை போட்டு ஆள் சேர்த்தார்கள். 2022-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்குப் போர் விமான வாடகை மணிக்கு 11,374 டாலர் வரை. ஆனால் ஒப்பந்தத்தில், கடற்படை சொல்ல விரும்பும் கருத்துகளைக் கதையில் சேர்க்கவும் இடம் இருந்தது. வாடகை டாலரில் மட்டும் போகவில்லை, கதையிலும் போனது!

மறுத்தால் என்ன ஆகும்? வியட்நாம் போரைக் கேள்வி கேட்ட 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்துக்குப் பென்டகன் கைகொடுக்கவில்லை. இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். படப்பிடிப்பின் நடுவிலேயே அவை கிளர்ச்சியாளர்களை அடக்கப் பறந்து போயின. காலையில் நடிப்பு, மாலையில் நிஜப் போர்!

இன்னொரு செய்தியும் உண்டு. 1986-இலேயே வந்த 'அயர்ன் ஈகிள்' படத்தில், அரபு நாடு ஒன்றில் சிறைப்பட்ட தந்தையை மீட்க ஒரு சிறுவன் போர் விமானத்தைத் திருடிச் செல்கிறான். விமானத் திருட்டுக் கதைக்கு அமெரிக்க விமானப்படை உதவ மறுத்தது. உதவியது யார்? இஸ்ரேல் விமானப்படை! அதன் 'கிபிர்' விமானங்கள்தாம் அந்தப் படத்தில் எதிரியின் மிக் விமானங்களாக நடித்தன. அதே வகைக் கிபிர் விமானங்களை 1996-இல் இலங்கை அரசு வாங்கியது. சினிமாவில் வேடிக்கை காட்டிய விமானத்தின் பெயர், வன்னியில் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடும் பெயராயிற்று!

முகமூடி போட்ட எதிரி

இந்தப் படங்களில் எதிரியைப் பார்த்திருக்கிறீர்களா? 'டாப் கன்' இரண்டு பாகங்களிலும் எதிரி விமானியின் முகம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவன் எந்த நாட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். முகம் இல்லாதவனைச் சுட்டால் பார்ப்பவன் மனம் உறுத்தாது அல்லவா?

முதல் பாகம் வெளிவந்தது 1986 மே மாதம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அமெரிக்க விமானங்கள் லிபியாவில் குண்டு வீசியிருந்தன. இரண்டாம் பாகத்தின் கதையே பெயர் சொல்லப்படாத நாட்டின் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைத் தகர்ப்பதுதான். படம் வந்து மூன்று ஆண்டுகளில், 2025 ஜூன் 22 அன்று, ஈரானின் அணு நிலையங்கள் மீது அமெரிக்கா நிஜமாகவே குண்டு வீசியது. சினிமா பார்த்துத்தான் போருக்குப் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்தபோது, ஏற்கெனவே கைதட்டிப் பழகிய கோடிக்கணக்கான கைகள் உலகம் முழுவதும் தயாராக இருந்தன. அதைத்தான் சொல்கிறோம்!

செய்தியும் சினிமா ஆனது

1991 வளைகுடாப் போரில் தொலைக்காட்சியே சினிமாவானது. குண்டின் மூக்கிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் திரையில் ஓடும். நடுவில் ஒரு சிலுவைக் குறி, கட்டடம் நெருங்கி வரும், பிறகு திரை வெறுமையாகிவிடும். எவ்வளவு துல்லியம் என்று உலகம் வியந்தது. உண்மையில், அந்தப் போரில் வீசப்பட்ட குண்டுகளில் வழிகாட்டும் கருவி பொருத்தியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

சரி, துல்லியமான குண்டு விழுந்தால் நல்லதா? 1991 பிப்ரவரி 13 விடியலுக்கு முன், பாக்தாதின் அமிரிய்யா பதுங்கிடத்தின் மீது இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. இராணுவக் கட்டளை நிலையம் என்றது அமெரிக்கா. உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பொதுமக்கள். பெண்களும் குழந்தைகளுமாக நானூறுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். குண்டு குறி தவறவில்லை. குறி வைத்தவன் கண்ணுக்குத்தான் உள்ளே இருந்தவர்கள் தெரியவில்லை!

எல்லா விமானியும் வில்லனா?

இல்லை. அப்படிச் சொன்னால் நாமும் அதே தவற்றைத்தான் செய்கிறோம், எதிர்ப் பக்கத்திலிருந்து. 2015 வெள்ளத்தில் சென்னை மக்களை மொட்டை மாடிகளிலிருந்து தூக்கிக் காத்தவை நமது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள். இராமேஸ்வரத்து அப்துல் கலாம் இளமையில் கண்ட கனவு விமானப்படை விமானி ஆவது. எட்டு இடங்களுக்கான தேர்வில் ஒன்பதாவதாக வந்து அந்த வாய்ப்பை இழந்தார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த இத்ரீஸ் ஹசன் லதீஃப். 'பார்டர்' (1997) முதல் 'ஃபைட்டர்' (2024) வரையிலான இந்திப் படங்களின் வசனத்தை நண்பர்களிடம் சொல்லிக் காட்டும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு லதீஃபின் பெயர் தெரியும்?

நாட்டைக் காக்கும் விமானியின் துணிவு மதிக்கத்தக்கது. ஆனால் துணிவைக் காட்டும் கேமரா, அதன் விளைவையும் காட்ட வேண்டும். பாதியைக் காட்டிவிட்டு முழுமை என்று விற்பதைக் கடைத்தெருவில் நாம் என்னவென்று சொல்வோம்? எடையில் மோசடி என்போம். திரையிலும் அதுதான்!

கீழே இருந்து எடுத்த படங்கள்

கீழே நின்று படம் எடுத்தவர்களும் உண்டு. 1988-இல் ஜப்பானின் தகஹாதா இயக்கிய 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' என்ற கார்ட்டூன் படம், அமெரிக்கக் குண்டுகளில் கோபே நகரம் எரிந்தபோது தாயை இழந்த அண்ணன் தங்கையின் கதை. வாத் அல்-கதீப் என்ற இளம்பெண் அலெப்போ நகரத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, குண்டு விழும் மருத்துவமனைக்குள்ளிருந்தே எடுத்த 'ஃபார் சமா' 2019-இல் வெளிவந்தது. அந்தக் குண்டுகளைப் போட்டவை அசாத் அரசின் விமானங்களும் ரஷ்ய விமானங்களும். சொந்த நாட்டு ஆட்சியாளனே போட்டாலும் குண்டு குண்டுதான் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-இல் காஸாவின் இளம் இயக்குநர்கள் 22 பேர் இடிபாடுகளுக்கு நடுவே எடுத்த குறும்படங்களை, ரஷீத் மஷ்ஹராவி என்ற பாலஸ்தீன இயக்குநர் 'ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ' என்ற ஒரே படமாகத் தொகுத்தார்.

2014-இல் பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் சில கலைஞர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஆளில்லா விமானத்தில் மனிதன் பூச்சி அளவுக்குத்தானே தெரிகிறான்? எனவே, ஒரு குழந்தையின் முகத்தை மாபெரும் படமாக அச்சிட்டு வயல்வெளியில் விரித்தார்கள். மேலே இருந்து பார்ப்பவன் அந்தக் கண்களைப் பார்த்தே ஆக வேண்டும்!

நாம் என்ன செய்யலாம்?

இளைஞர்களே! படம் பார்க்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. விழித்துப் பாருங்கள் என்கிறோம். விமானம் யாருடையது? கதையைத் திருத்தியவர் யார்? எதிரிக்கு முகம் இருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு பாருங்கள். உங்களில் நூறு பேராவது கேமராவும் எடிட்டிங்கும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் செல்போனே போதும் என்று காஸா இளைஞர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

வணிகப் பெருமக்களே! பர்மா பஜாரிலும் ஊர்க் கடைவீதியிலும் நீங்கள் விற்கும் 'ஏவியேட்டர்' கண்ணாடி அமெரிக்க விமானிகளுக்காக உருவானது. 'பாம்பர் ஜாக்கெட்' என்ற பெயருக்குள்ளேயே குண்டு இருக்கிறது. அவற்றை விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. கண்ணாடி கண்ணுக்கு நல்லது, சட்டை குளிருக்கு நல்லது. ஆனால் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் அள்ளிக் கொடுக்கும் உங்கள் கைகள், குறும்படம் எடுக்க முன்வரும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு கேமரா வாங்கிக் கொடுக்கக் கூடாதா? விமானம் கொடுத்துக் கதையை வாங்க வல்லரசுக்குத் தெரிகிறது. கேமரா கொடுத்து உண்மையைப் பேச வைக்க நமக்குத் தெரிய வேண்டாமா?

விமானம் வாங்கும் வசதி நமக்கு இல்லை. தேவையும் இல்லை. நாம் நிற்கும் இடம் கீழேதான். அங்கேயே ஒரு கேமராவை நிறுத்துவோம்!