மலை இல்லாத ஊருக்கு மலை கீறுகிறோம்

"இயற்கைக் காட்சி ஒன்று வரைக" என்று சொன்னால் எங்கள் வகுப்பின் எல்லாக் கொப்பிகளிலும் ஒரே படம்தான் இருக்கும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து நெளிந்து வரும் ஆறு, கரையில் வளைந்த தென்னை, ஒரு குடிசை. நானும் ஆறாம் ஆண்டிலிருந்து இதைத்தான் வரைந்தேன். நல்ல புள்ளியும் வாங்கினேன். புத்தளத்தில் பிறந்து களப்பையும் உப்பளத்தையும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மலையை நீ எங்கே கண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் என் உம்மம்மா. அவருடைய ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் தூக்கி வந்த பையில் புகைப்படம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களைப் பற்றியும் முத்தையன்கட்டுக் குளத்தைப் பற்றியும் பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. ஒருநாள் அந்தக் குளத்தைக் கீறித் தரச் சொன்னார். இரண்டு மலைக்கு நடுவில் குளத்தை வைத்து வர்ணமும் தீட்டிக் கொடுத்தேன்.

"இது எந்த ஊர் மகள்? எங்கட பக்கம் மலை எங்க இருக்கு?"

சித்திரம் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் மாதிரிப் படம் கொடுப்பது தவறு என்பது அன்றிலிருந்து என் எண்ணம். பார்த்து எழுதப் பழக்கினால் கை பழகும் என்பார்கள். கை பழகும்தான். கண் பழகாது. தமக்கையின் கொப்பியைப் பார்த்துத் தங்கை வரைகிறாள், அவளுடையதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை வரைகிறது. வெளியே ஒரு தரம் எட்டிப் பார்க்க எவருக்கும் தேவை வருவதில்லை.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் வாப்பாவுடன் ஒட்டுசுட்டானுக்குப் போனேன். குளக்கட்டின் அடியில் நின்றபோது புல் முளைத்த சரிவும் அதற்குமேல் வானமும் மட்டுமே தெரிந்தன. இங்கே குளம் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டின்மேல் ஏறியதும் தொடுவானமும் என்னுடன் ஏறி வந்து என் கண் மட்டத்தில் நின்றது. தொடுவானம் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும் என்று பாடத்தில் மனனம் செய்திருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றுதான் விளங்கியது.

தாளின் நடுவே கோட்டைப் போட்டேன். படம் இரண்டு துண்டாகக் கிடந்தது. அழித்துவிட்டுக் கீழே இறக்கினேன். தாளின் மூன்றில் இரண்டு பங்கு வானமானது. சமதரையான ஊருக்கு அதுதான் சரி. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரை வரைந்த யாகொப் வான் ரைஸ்டாலும் நிலத்தைக் கீழே ஒடுக்கி, மேலே முழுக்க முகிலுக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய நாட்டிலும் மலை இல்லை. மலையில்லாததால் அவர் படத்துக்கு என்ன குறை வந்தது?

அக்கரைக் காட்டுக்குப் பெட்டியிலிருந்த பச்சைப் பெஸ்டலை எடுத்தேன். பூசியதும் காடு என் மடியில் வந்து விழுந்ததுபோல் இருந்தது. மறுபடி பார்த்தேன். தூரத்துக் காடு பச்சையே இல்லை. நீலம் கலந்த சாம்பல். இடையிலுள்ள காற்று நிறத்தை அப்படி மாற்றிக் காட்டுகிறது. லியனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் குறித்து வைத்திருக்கிறார். எனக்கோ ஒரு தாள் பழுதான பிறகுதான் தெரிந்தது. பழுதான தாளையும் வைத்திருக்கிறேன். அழிறப்பரைக் குறைவாகப் பாவியுங்கள் என்றே புதிதாக வரையும் தங்கைமாருக்குச் சொல்வேன்.

உருவம் வரையலாமா என்ற கேள்வி எழும் வீடுகள் நம்மிடையே உண்டு. மரத்துக்கும் ஆற்றுக்கும் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் சுவரில், நிறக் கற்களைப் பதித்து ஆறும் பெருமரங்களும் வீடுகளும் ஆக்கியிருக்கிறார்கள். மனிதரும் இல்லை, மிருகமும் இல்லை. அந்த ஆறு டமஸ்கஸ் நகருக்குத் தண்ணீர் கொடுக்கும் பரதா என்று பலர் சொல்வார்கள்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. சித்திரப் போட்டி என்றால் விலை கூடிய வர்ணப்பெட்டி வாங்கித் தருகிறீர்கள். குளக்கட்டில் அரை மணித்தியாலம் இருந்து வரைய வேண்டும் என்றால், "பொம்பிளைப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்கிறீர்கள். அன்று வாப்பா மருத மர நிழலில் பத்திரிகை வாசித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார். போய்வந்த இரண்டு மூன்று பேர் நின்று என் தாளைப் பார்த்தார்கள். ஒரு முதியவர், துருசு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று திருத்தினார். அவர் சொன்னது சரி. வேறொன்றும் நடக்கவில்லை. தனியே அனுப்பத் தயக்கம் என்றால் கூட வாருங்கள். அந்த இரண்டு மணித்தியாலம் வர்ணப்பெட்டியைவிடப் பெறுமதியானது.

என் படம் அழகானது என்று சொல்ல மாட்டேன். மரங்கள் தும்புத்தடி போல் நிற்கின்றன. கட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்தாலும் கோடு ஒவ்வொன்றும் நான் கண்டது. புத்தளம் திரும்பியதும் உம்மம்மாவின் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலை அடிப்பக்கத்து மண்ணிறத்தில் வைத்தார்.

"தண்ணி எங்க? கரையெல்லாம் காஞ்சு கிடக்கு."

"ஓகஸ்ட் மாதம் உம்மம்மா. வயலுக்குத் திறந்து விட்டாங்க, வத்திப் போச்சு."

"ஓம், இந்த மாசத்தில அப்பிடித்தான் கிடக்கும்" என்றார். பிறகு தாளை என்னிடம் தராமல் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "மார்கழியில வான் பாயேக்க இன்னொருக்காப் போய்க் கீறிக்கொண்டு வா. நானும் வாறன்."