பில் இல்லாத பிராண்டால் யாருக்கு லாபம்?

கடை வாடகை வேண்டாம், ஆள் சம்பளம் வேண்டாம், கையில் ஒரு போன் இருந்தால் போதும் என்று துணி, ஷூ விற்பனையில் இறங்கும் இளைஞர்களை இன்று வட சென்னை முழுவதும் பார்க்கலாம். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிராண்ட் சரக்கு குறைஞ்ச விலைக்கு எங்கே கிடைக்கும்?” வாட்ஸ்அப் குழுக்களில் பதில் தயாராக இருக்கிறது. ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’, ‘ஃபர்ஸ்ட் காபி’, ‘கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்தது’ என்று பெயர்கள்தான் வேறுபடும். பில் கேட்டால் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மௌனம். புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலீடு இல்லாமல் கவிழ்வதைவிட, பில் இல்லாமல் கவிழ்வதே அதிகம் அஞ்ச வேண்டிய விஷயம்.

பர்மா பஜாரின் காலம் வேறு

இந்த வியாபாரம் வட சென்னையில் மணலியை ஒட்டிய சடையங்குப்பத்துக்கு அந்நியமானதல்ல. பர்மா நகர் என்றொரு குடியிருப்பு அங்கே இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தொடர்ந்து கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அப்படித் திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969இல் ராஜாஜி சாலையோரம் உருவானதுதான் பர்மா பஜார். கப்பல் பணியாளர்களும் வெளிநாடு போய் வந்தவர்களும் கொண்டுவந்த சட்டை, செண்ட், கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர் எல்லாம் அங்கே விலைபோயின. ‘ஃபாரின் சரக்கு’ என்ற சொல்லுக்கே அன்று தனி விலை இருந்தது.

அந்த லாபத்தின் அடிப்படை தட்டுப்பாடு. நுகர்பொருள் இறக்குமதிக்கு அரசு போட்டிருந்த கட்டுப்பாடுதான் நடைபாதைக் கடைக்காரருக்குச் சந்தையை உண்டாக்கிக் கொடுத்தது. எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாட்டை 2001 ஏப்ரல் 1 அன்று இந்தியா நீக்கியதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று எந்த பிராண்டும் மால்களில் கிடைக்கிறது. பண்டிகை நாளில் பாதி விலைக்கு வீட்டுக்கே வருகிறது. சிறு வியாபாரிக்குப் போட்டியிட மிஞ்சியிருப்பது விலை மட்டும்.

அந்த விலைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4,000 ரூபாய் எம்ஆர்பி உள்ள அசல் ஷூவை ஃபேக்டரி அவுட்லெட்டில் 2,400 ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஷூவைப் பெரிய தளமொன்று தள்ளுபடியில் 2,600 ரூபாய்க்குத் தந்தால், இவரும் அதற்கு மேல் கேட்க முடியாது. பேக்கிங், கூரியர் போக நூறு ரூபாய் நின்றால் பெரிது. அளவு பொருந்தவில்லை என்று ஒரு ஜோடி திரும்பி வந்தால், இருவழிக் கூரியர் செலவில் முந்தைய இரண்டு விற்பனையின் லாபமும் போய்விடும். அசலில் கட்டுப்படியாகாதவர் நகலுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

அசல் ஏன் கசிவதில்லை?

நைக்கி ஷூக்கள் செய்யாறில் தயாராகின்றன. க்ராக்ஸ் காலணிகள் பெரம்பலூரில். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தோல் காலணி அனுப்புகின்றன. திருப்பூரின் பின்னலாடை அணியாத நாடு அரிது. இவ்வளவு பக்கத்தில் தயாராகும் சரக்கு கொஞ்சம் பின்வாசல் வழியாகவும் வராதா என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், ஆலைக்குச் சொந்தமானது உழைப்பும் இயந்திரமும்தான்; பெயர் பிராண்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் அந்தப் பெயரைப் பதித்து விற்க ஆலைக்கு உரிமையில்லை. கழித்த சரக்கையும் ரத்தான ஆர்டரையும் உள்ளூரில் விற்பதானால் லேபிளை வெட்டியோ நீக்கியோ விற்பதே பொதுவான நடைமுறை. திருப்பூர் காதர்பேட்டையில் ‘கட் லேபிள்’ என்றும் ‘லாட்’ என்றும் கைமாறுவது இத்தகைய சரக்குதான்.

எனவே, உண்மையான மிச்சச் சரக்கை அதன் குறைகளை வைத்தே அடையாளம் காணலாம். ஒரு அளவு குவிந்திருக்கும், இன்னொன்று இருக்காது. நிறம் இரண்டோ மூன்றோதான். தீர்ந்தால் மறுபடி வராது. எல்லா அளவும் எல்லா நிறமும் பெட்டி, டேக் சகிதம் வாராவாரம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது எங்கோ புதிதாகத் தயாராகும் போலிச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘கஸ்டம்ஸ் ஏலம்’ கதையும் இப்படித்தான். 2007ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமை விதிகளின்படி, சுங்கத் துறை பறிமுதல் செய்யும் போலி பிராண்ட் சரக்கை அழிக்க வேண்டும், அல்லது வழக்கமான வணிகப் பாதைக்கு வராமல் அகற்ற வேண்டும். போலி ஷூ ஏலத்தில் வந்தது என்பது நம்பக்கூடிய கதையல்ல.

சட்டம் யார் பக்கம்?

வணிகக் குறியீடுகள் சட்டம், 1999இன் 104ஆவது பிரிவு விற்பவரைத்தான் நேரடியாகப் பிடிக்கிறது. போலிக் குறியீடு இட்ட பொருளை விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ‘ஃபர்ஸ்ட் காபி என்று சொல்லித்தான் விற்றேன்’ என்பது பாதுகாப்பாகாது. அது தெரிந்தே செய்ததற்கு ஒப்புதல் வாக்குமூலம். போதிய கவனத்தோடு நடந்துகொண்டேன், சந்தேகப்படக் காரணமே இல்லை, யாரிடம் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட்டேன் என்று நிரூபிப்பவருக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. பில் இல்லாமல் இதை எப்படி நிரூபிப்பது?

முறையாக வாங்கிய அசல் பொருளை மறுவிற்பனை செய்வதை இதே சட்டத்தின் 30ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால், சட்டம் அனுமதித்தாலும் பெரிய தளங்கள் பல பிராண்டுகளுக்கு அங்கீகாரக் கடிதமோ கொள்முதல் பில்லோ கேட்கின்றன. காலணிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தர முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் டெல்லியில் ஃபிளிப்கார்ட் துணை நிறுவனத்தின் கிடங்கிலிருந்து 590 ஜோடி விளையாட்டுக் காலணிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் கைப்பற்றியது. அதே மாதம் திருவள்ளூர் மாவட்டக் கிடங்குகளிலும் சோதனை நடந்தது. பெருநிறுவனம் வழக்கறிஞரை வைத்துச் சமாளிக்கும். வீட்டு அறையில் சரக்கு அடுக்கிவைத்திருக்கும் இளைஞர் என்ன செய்வார்?

திறக்க வேண்டிய கதவுகள்

போலியை ஒழிக்கச் சோதனை மட்டும் போதாது. நேர்மையான சரக்குக்கு வழியும் வேண்டும். மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தின் கன்டெய்னர் யார்டுகளில், இறக்கி 30 நாள்களுக்குள் யாரும் எடுக்காத சரக்கை, உரியவருக்கு அறிவிப்பு கொடுத்துச் சுங்கத் துறையின் அனுமதியோடு விற்கச் சுங்கச் சட்டத்தின் 48ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால், மொத்தமாக எடுக்கப் பணமுள்ளவருக்கே ஏலம் எட்டுகிறது. யார்டுக்குப் பக்கத்திலேயே லாரிப் புழுதியில் வாழும் இளைஞருக்குக் கிடைப்பது புழுதி மட்டும். துணி, காலணி போன்றவற்றைச் சிறு லாட்டுகளாகப் பிரித்து ஏலம் விட்டால், முறையான ரசீதோடு அவர்கள் தொழில் தொடங்கலாம். திருப்பூர் மிச்சச் சரக்கைச் சிறு அளவில் பில்லோடு வாங்க மாவட்டத் தொழில் மையங்கள் ஏற்பாடு செய்யலாம்.

வரி விதிகளும் பயமுறுத்தும்படி இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் இணையதளங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால் முதல் சட்டைக்கே பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கும் காலணிக்கும் 5% வரிதான்.

தொடங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ காதர்பேட்டையிலோ லேபிள் இல்லாத நல்ல சரக்கைப் பில்லோடு குறைவாக வாங்குங்கள். உங்கள் பெயரில் விற்றுப் பழகுங்கள். ஆடையும் காலணியும் வணிகக் குறியீட்டுப் பதிவில் ஒரே வகுப்பில், 25ஆவது வகுப்பில், வருகின்றன. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். அடுத்தவர் பெயரைத் திருடி விற்பதால் வரக்கூடிய குறைந்தபட்ச அபராதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை அது.