கலே நகரின் அறுவர்

ஊர்ச் சதுக்கத்தில் சிலை நாட்டுவோர் உயர்ந்த பீடத்தையே பெரிதும் விரும்புவர். பெரியோரை உயரத்தில் வைத்தலே முறை என்பது அவர்தம் கருத்து. அக்கருத்து எங்கும் பொருந்துவதன்று. பிரெஞ்சு நாட்டின் வடகரையிலுள்ள கலே என்னும் துறைமுக நகரின் வெண்கலச் சிலைத் தொகுதி இதற்குச் சான்றாகும்.

இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு, 1346ஆம் ஆண்டில் அந்நகரை முற்றுகையிட்டான். ஏறத்தாழப் பதினொரு திங்கள் கழிந்தன. உணவின்றி வாடிய நகரம் 1347இல் பணிந்தது. நகரப் பெருமக்கள் அறுவர் வெறுங்காலும் திறந்த தலையுமாய், கழுத்திற் கயிறு பூண்டு, திறவுகோல்களை ஏந்தித் தன்முன் வருதல் வேண்டும். அவர்கள் உயிர் தன் விருப்பிற்கு உரியது. அவ்வாறாயின் ஏனையோரை விடுவதாக மன்னன் கூறினான். பெருஞ்செல்வரான யூசுத்தாசு முதலில் எழுந்தார். ஐவர் அவரைப் பின்பற்றினர். இறுதியில் அரசி பிலிப்பா மன்றாட, அறுவரும் உயிர் பிழைத்தனர். பிராய்சார் என்னும் வரலாற்றாசிரியர் இச்செய்தியை எழுதிவைத்தார்.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், இவர்களுக்குச் சிலை வடிக்கும் பணி ரோதேன் என்னும் சிற்பியிடம் வந்தது. அறுவரும் சாவை எதிர்நோக்கிப் புறப்படும் நேரத்தையே அவர் தேர்ந்தெடுத்தார். ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பற்றியுள்ளார். ஒருவர் திறவுகோலை இறுகப் பிடித்து நிமிர்ந்து நிற்கிறார். யூசுத்தாசோ தலை கவிழ்ந்து தளர்ந்து நடக்கிறார். மாதிரியைக் கண்ட குழுவினர், இச்சோர்ந்த தோற்றம் பெருமைக்குப் பொருந்தாதென்று குறை கூறினர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று. உயிரின் அருமை அறியாதவன் அதனைக் கொடுப்பதில் வியப்பென்ன? அதன் அருமையை அறிந்து, அஞ்சி, அவ்வச்சத்தோடும் அடியெடுத்து வைப்பவனே வீரன்.

மக்கள் நடமாடும் தரையிலேயே இவ்வறுவரும் நிற்றல் வேண்டும் என்பது சிற்பியின் விருப்பம். எனினும், 1895இல் திறக்கப்பெற்றபோது சிலைகள் உயர்ந்த பீடத்தில் ஏற்றப்பட்டன. சிற்பி 1917இல் மறைந்தார். 1924இல்தான் அவை நகர மண்டபத்தின் முன் தாழ்ந்த மேடைக்கு வந்தன.

தாழ வைத்தால் மதிப்புக் குறையும் என்பர் சிலர். அண்ணாந்து பார்ப்பவன், “இஃது எனக்கு இயலாத செயல்” என்று வணங்கிவிட்டு அகல்வான். அருகில் நின்று அந்த முகங்களைக் காண்பவனோ, “இவரும் என்போல் அஞ்சியவரே, ஆயினும் சென்றார், நான் செல்வேனா?” என்று தன்னையே வினவுவான். அவ்வினாவை எழுப்பும் சிலையே ஊருக்குப் பயன்தரும் சிலையாகும்.