பாட்டியார் ஏற்ற உறுதிமொழி



வழக்கமாக இப்பகுதியில் பிள்ளைகளின் படிப்பு, ஊர்ப் பயணம், வீட்டுச் செலவு என்று எழுதி வருபவன் நான். இத்திங்கள் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுதுகிறேன். அது வீட்டுச் செய்தியே. ஆயினும் நாட்டுச் செய்தியும் ஆகும்.

கனடாவில் வாழும் உறவினன் ஒருவன் உளன். முறையில் எனக்குத் தம்பி. அவன் அந்நாட்டுக் குடிமகனான விழாவைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். கூடம் நிறைய மக்கள். பல நாட்டவர், பல நிறத்தவர். அனைவரும் வலக்கையை உயர்த்தி, அந்நாட்டு மன்னர்க்கும் அவர் வழி வருவோர்க்கும் உண்மையாய் இருப்போம், சட்டங்களைக் கடைப்பிடிப்போம், கடமைகளை ஆற்றுவோம் என்று உரைத்தனர். பின்னர் நாட்டுப் பண் இசைத்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் ஒருவரையொருவர் தழுவிக் கொண்டனர். கூடமே கைதட்டியது.

எண்பதைக் கடந்த என் பாட்டியார் அப்படத்தை இருமுறை பார்த்தார். விழா கண்ட அப்பையன் அவருடைய தமக்கையின் பேரன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நானும் ஒரு நாள் இப்படிச் சொன்னவள்தான், தம்பி. எங்களுக்கு யாரும் கைதட்டவில்லை" என்றார்.

நம் சங்கத்துக் குடும்பங்களுள் பெரும்பாலானவை நெல்லை, குமரி, மதுரைப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவை. அவர்கள் வந்தபோது எல்லையில் எவரும் "நீ எந்நாட்டான்?" என்று கேட்டதில்லை. என் குடும்பத்தின் வழி வேறு. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

1947ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் வெற்றி பெற்றனர். பாட்டியாரின் தந்தையாரும் அன்று வாக்களித்தவர். அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. தந்தை பிறந்தது அந்நாட்டிலேயே என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தது அந்நாட்டிலேயே என்றோ காட்டவேண்டிய நிலை உண்டாயிற்று. தேயிலைச் செடியின் கீழே பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர்; வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் நம் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக் கொள்ள 1974இல் வழி செய்தனர். தாளில் எண்கள் சரியாக வந்தன. குடும்பங்கள்தாம் சரியாக வகுபடவில்லை. பாட்டியாரின் தமக்கை வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தனர். என் பாட்டனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழ்ந்த அக்காளும் தங்கையும் இரு நாட்டினர் ஆயினர்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ஆம் ஆண்டினது. அதன் ஐந்தாம் பிரிவின்படி பதிவு பெற விரும்பும் வயது வந்தோர் முதலில் உறுதிமொழி ஏற்றாக வேண்டும். அவ்வுறுதிமொழி சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. ஒரே வாக்கியம்தான். சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்புக்கு உண்மையான பற்றுடன் இருப்பேன். இந்நாட்டுச் சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன். குடிமகனுக்குரிய கடமைகளை ஆற்றுவேன் என்பது அதன் சாரம். இதில் ஒரு சிறப்பைக் காண்க. மன்னர் பெயர் இல்லை; தலைவர் பெயர் இல்லை; மதமோ மொழியோ குறிக்கப்படவில்லை. கடவுளை முன்னிட்டு ஆணையிடலாம். அன்றி, உளமார உறுதி கூறினாலும் போதும்.

கண்டி நகரில் ஓர் அலுவலகத்தில் அதிகாரி ஒருவர் தமிழில் சொல்லச் சொல்ல, பாட்டியார் பின்தொடர்ந்து சொல்லிக் கைநாட்டு வைத்தாராம். "பின்னால் வரிசை நீண்டு நின்றது, தம்பி. சொல்லி முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டு விட்டார்கள்" என்றார். அவ்வளவே அவர் கண்ட விழா.

1977இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் சில நாள் தங்கினர். பின்னர் செங்கோட்டை வழியாக மலைப்பாதைப் புகைவண்டியில் புனலூர் சேர்ந்தனர். 1904இல் திறக்கப்பட்ட அப்பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்ட செய்தியைச் சொன்னபோது, பாட்டியார் குகைகளை எண்ணிச் சொல்லத் தொடங்கிவிட்டார். தாயகம் திரும்பியோர்க்காக மத்திய அரசும் கேரள அரசும் இணைந்து 1976இல் அமைத்த ரீஹாபிலிட்டேஷன் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் குளத்துப்புழைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கொழுந்து கிள்ளிய கை இரப்பர் மரத்தில் பால் வெட்டக் கற்றுக்கொண்டது. 1980இல் பாட்டியார் முதன்முறையாக வாக்களித்தார். தந்தையின் வாக்குக்கும் மகளின் வாக்குக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

நிற்க. இக்கதையை எழுதியதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகம் சென்றார். "இலங்கையில் பிறந்தவர் என்றிருக்கிறதே, நீர் இந்தியர் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினர். மூன்று முறை நடந்தார். வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் போதவில்லை. இறுதியில் பாட்டியார் தம் தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் பதிவு எண்ணும் நாளும் இருந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுவனான என் தந்தையாரின் பெயரும் இருந்தது. வேலை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, நாற்பதாண்டுகளாக ஒரு தாளைக் கறையான் தீண்டாமல் காத்ததால் முடிந்தது.

ஆகவே இல்லத்துப் பெரியோர்க்கு என் விண்ணப்பம்: பழந்தாள்களை எறியாதீர்கள். பிறந்த நாளும் இடமும் இன்று பெரிதும் வேண்டப்படுகின்றன. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தோர், தூதர் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது; மற்றவர் சட்டத்துக்கு மாறாகக் குடியேறியவராய் இருத்தலும் ஆகாது. மண்டபம் முகாமில் ஏதிலியர்க்குப் பிறந்த ஒரு பெண்மணி, தம் பிறந்த நாள் 1987 ஜூலைக்கு முற்பட்டது என்பதைக் காட்டி, 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024இல் முதல் வாக்கையும் அளித்தார். அவரைப் போன்று நாள் கைகொடுக்காத எத்தனையோ பேர் தமிழகத்து முகாம்களில் இன்னும் காத்திருக்கின்றனர்.

இளைஞர்க்கும் ஒரு சொல். நாம் பிறந்தோம், குடிமக்கள் ஆனோம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்படி நம்மை யாரும் கேட்டதில்லை. கேளாமல் கிடைத்த பொருளின் விலை நமக்குத் தெரிவதில்லை. நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். அன்று நம் சங்கத்தில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளை நிறுத்தி, அவ்வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லச் செய்தால் என்ன? சட்டம் அதைக் கேட்கவில்லை, நாமே சொல்வோம். வந்திருக்கும் பெரியோர் கைதட்டட்டும்.

அன்று மாலை பாட்டியாரிடம், "அந்த உறுதிமொழி இன்னும் நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"சொல்லெல்லாம் மறந்து போயிற்று, தம்பி. ஆனால் எண்பதிலிருந்து ஒரு வோட்டையும் நான் விட்டதில்லை" என்றார்.