முதலில் கூரை, பிறகு மற்றது



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் என் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாட நோட்டை நீட்டினாள். அட்டை ஊதிப்போயிருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, எழுத்தே தெரியவில்லை. "ஏனம்மா இப்படி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "வீடு ஒழுகுது சார். அப்பா ஞாயித்துக்கிழமை செய்றேன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதற்காகக் காத்திருந்தவன்தான்.

இது மாசி, பங்குனி. பால்மரங்கள் இலை உதிர்த்துவிட்டு இளந்துளிர் விடும் காலம். குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் வீட்டை ஒழுங்கு செய்வார்களாம். நமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் மரம் துளிர்க்கும் இந்த வெயில் நாட்கள்தான் நம்முடைய வசந்தம். பால் குறைவதால் கையில் காசும் குறைவு என்பது உண்மை. ஆனால் நேரம் கொஞ்சம் கிடைக்கும். மேற்குக் கரை மாநிலங்களில் சித்திரை பிறந்துவிட்டால் மாலை மழை தொடங்கிவிடும். அதற்குள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அது 1991ஆம் ஆண்டு. நான் ஆறாம் ஆண்டு மாணவன். யூ.பி.எஸ்.ஆர். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுடையது லயத்து வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை வந்தால் நடுவீட்டில் ஒரு சட்டி, அப்பாயி படுக்கும் மூலையில் ஒரு வாளி, அடுப்படியில் ஒரு மங்கு. வாளி நிறைந்தால் ஊற்றுவது என் வேலை.

என் அப்பா கைவேலை தெரிந்தவர். பக்கத்து வீட்டுக்குக் கதவு மாட்டிக் கொடுத்ததும், ஆயாக் கொட்டகைக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். எங்கள் கூரையை மட்டும் "வர்ற ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். அப்பா கெட்டவர் அல்லர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மழையென்றும் கொசுவென்றும் பாராமல் மரம் வெட்டிய மனிதர். ஆறு நாள் உழைத்த உடம்பு ஏழாம் நாள் உட்கார இடம் தேடியது. தோட்டத்தில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

மதியம் அம்மா என்னை அனுப்புவார். "போயி அப்பாவச் சாப்பிடக் கூட்டிக்கிட்டு வாடா தம்பி." நான் வேலியோரம் நிற்பேன். கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கள்ளை அளந்து ஊற்றுவார்கள். புளித்த வாடை தெருவரை வரும். உள்ளே சிரிப்பும் பாட்டுமாக இருக்கும். "இதோ வர்றேன் போ" என்பார் அப்பா. அந்த 'இதோ' சாயங்காலம் வரை நீளும்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் இரவு பெருமழை பெய்தது. நான் தூங்கிவிட்டேன். சட்டி நிறைந்து வழிந்து, என் புத்தகப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. விடியற்காலை எழுந்த அப்பா அடுப்படிக்கு வந்தபோது, நான் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து அடுப்புச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா கூரை மேல் இருந்தார். நான் கீழிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இறங்கி வந்து குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனார்!

சிரிக்காதீர்கள். அன்று அவர் குடியை விட்டுவிட்டார் என்று நான் எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அது பொய். அன்று மாறியது வரிசை மட்டும்தான். அதன்பின் எங்கள் வீட்டில் முதலில் கூரை, பிறகு கடை. முதலில் அம்மா கையில் சம்பளம், பிறகு அப்பா பையில் செலவு. வரிசை மாறியதும் கடையில் இருக்கும் நேரம் தானாகக் குறைந்தது. நான் படித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனதற்கு அந்த ஒரு காலைப்பொழுதும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

இனி வேலைக்கு வருவோம்.

கூரை: பட்டப்பகலில் சன்னல், கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளிருந்து மேலே பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊசிபோல் தெரியும். அங்கே கரிக்கட்டியால் குறி போடுங்கள். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணாதீர்கள். தகரத்தின் அடியிலும் சட்டத்தின் வழியாகவும் ஓடிவந்து வேறிடத்தில் சொட்டும். பள்ளத்தில் அல்லாமல் தகரத்தின் மேட்டில்தான் ஆணி இருக்க வேண்டும். அடியில் ரப்பர் வளையமும் வேண்டும். வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். சிறு ஓட்டையைத் துரு சுரண்டித் தார் பூசி அடைக்கலாம். வெயில் ஏறுமுன், பலகை போட்டு, சட்டம் இருக்கும் இடத்தில் கால் வையுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். குடித்துவிட்டு ஏணியில் கால் வைப்பது தற்கொலைக்குச் சமம்.

பழைய வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும். அதன் மேல் ஏறாதீர்கள், சட்டென்று உடைந்துவிடும். அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதை நிர்வாகத்திடம் விட்டுவிடுங்கள்.

கரையான்: தூணிலும் சுவரிலும் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். விறகையும் பழைய பலகையையும் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள்; கரையானுக்கு நாமே பாலம் போட்டதாகிவிடும்.

தண்ணீர்: காண்டா வாளி, பழைய டயர், பூச்சட்டித் தட்டு, தகரப் பீலி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்கியைத் தடுக்க இதைவிட மலிவான மருந்து கிடையாது.

மின்சாரம்: மின்பெட்டியில் கசிவைத் துண்டிக்கும் விசை ஒன்று இருக்கும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்னும் வீரம் இங்கே வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் சுவருக்கு வெள்ளையடிப்பு. சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்தால் போதும். பிள்ளைகள் கையில் மட்டை கொடுங்கள். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நாமே செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. தோட்டம் கொடுத்த வீடானால், அதை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே பெரிய பழுதுகளுக்கு வாய்ச்சொல்லோடு நிற்காமல் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் இலாகா இருக்கிறது. கடிதம் எழுதத் தெரியவில்லையென்றால் உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கு வாருங்கள்; எந்த வாத்தியாரும் மறுக்க மாட்டார். அந்தக் கடிதம் எழுதவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேண்டுமே!

கள்ளைப் பற்றி இரண்டு வார்த்தை. பாளையைச் சீவி இறக்கும்போது அது இனிப்பு நீர்தான். சில மணி நேரத்தில் நுரைத்துப் புளிக்கும். மறுநாள் காடியாகத் தொடங்கிவிடும். நம் பாட்டிமார் ஆப்ப மாவுக்கு ஊற்றியதும் இதைத்தான். கள் நம் மக்களோடு வந்தது. ஆனால் அதை விற்கும் கடை தோட்டத்துக்குள்ளேயே, சம்பளம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்தது எப்படி? கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் கடை வழியே திரும்பிப் போனது. நம் முன்னோர்க்கு இது புரியாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றதும் அதே போராட்டம்தான். கள்ளுக்கடையை அவர்கள் வெறும் குடிப்பழக்கமாகப் பார்க்கவில்லை; மானத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

பல தோட்டங்களில் அந்தக் கடைகள் இன்று இல்லை. ஆனால் சம்சு இருக்கிறது. கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது அது. கள்ளச்சரக்கில் மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. கண் பார்வை போகும், உயிரும் போகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 30க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். குடித்தபின் பார்வை மங்கினாலோ, வாந்தியும் வயிற்றுவலியும் வந்தாலோ, 'போதைதான், தூங்கினால் சரியாகும்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வகுப்பில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து வெள்ளி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு? 52 ஞாயிறு, 520 வெள்ளி. பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மணி நேரம் என்றால்? 260 மணி நேரம். இரண்டாவது விடையைக் கேட்டதும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

சென்ற ஆண்டு அப்பாவைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். லயங்கள் இல்லை. எங்கும் செம்பனை. கள்ளுக்கடை இருந்த இடத்தில் சிமெந்துத் தரை மட்டும் மிச்சம். அப்பா அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றார். "எல்லாரும் போயிட்டானுங்கடா" என்றார். கூட உட்கார்ந்து குடித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "நம்ம வீடு எங்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. இருவரும் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது என்னோடு தாமானில் இருக்கிறார். மாசி பிறந்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கிறார். "மழைக்கு முன்னால பாத்துடு தம்பி" என்கிறார். நான் 'வர்ற ஞாயித்துக்கிழமை' என்று சொல்வதில்லை.

அந்த மாணவியின் தகப்பனாரைச் சந்தித்தேன். புத்தி ஏதும் சொல்லவில்லை. என் கதையை மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஏணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆணியும் ரப்பர் வளையமும் வாங்கியாகிவிட்டது. எடுத்துக்கொடுக்க மகள் இருக்கிறாள்.

உங்கள் வீட்டில் யார் ஆணி எடுத்துக்கொடுக்கப் போகிறார்கள்? மறுமுறை சந்திப்போம்.