வாவியின் ஓசையும் வதந்தியின் ஓசையும்

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன்களை நினையாதார் இலர். நிலாக் காலத்தில், காற்றடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையிற் காதை வைத்தால், யாழ் நரம்பை மெல்லத் தடவினாற்போல ஓர் ஓசை கேட்கும் என்பர் பெரியோர். 1848 செப்டெம்பரில் சேர் எமேர்சன் டெனன்ட் இவ்வூருக்கு வந்தார். அவர் அந்நாளில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். ஓசையைப் பற்றிப் பிறர் சொன்னதைக் கேட்டு அவர் அமைந்துவிடவில்லை. நிலவெழுந்தபின் மீனவருடன் படகேறிச் சென்று தாமே கேட்டார். படகின் பலகையிற் காதை வைத்தபோது ஓசை மிகுந்ததாம். அதை எழுப்புவது ஒரு சிப்பியினமாகலாம் என்று அவர் எழுதிவைத்தார். ஊர் இன்றும் மீன் என்றே சொல்கிறது.

ஓசை உண்டு என்பதில் ஐயமில்லை. எழுப்புவது யார் என்பதே கேள்வி. நம் காலத்தில் வேறோர் ஓசை இரவும் பகலும் நம் கைத்தொலைபேசிகளில் எழுந்துகொண்டிருக்கிறது. அதற்காகப் படகேறுவார் எத்தனை பேர்?

வெகுதூரம் செல்ல வேண்டா. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அயல் நகராகிய அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உணவினிடையே ஒரு கட்டி தென்பட்டது. மகப்பேறு இல்லாமற் செய்யும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. சிங்களம் நன்கறியாத கடைக்காரர், தம்மைச் சூழ்ந்து நின்றோரின் கேள்விக்குத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புப் படமாகி நாடெங்கும் பறந்தது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதையும் மருத்துவம் அறியாது. ஆயினும் என்? மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகனையில் வேறு காரணம் பற்றி மூண்ட கலவரத்துக்கும் இதே பொய் எண்ணெய் வார்த்தது. சமூக வலைத்தளங்களை அரசு ஒரு வாரமளவு முடக்கியது. தன் தளம் அவ்வேளை தீங்குக்குப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு இரண்டாண்டு கழித்து வந்த மன்னிப்பு என் செய்யும்?

அப்பொய்யை அந்நியர் எவரும் கொண்டுவந்து தரவில்லை. அது உள்ளூர்ச் சரக்கே. ஆனால் அந்நியர் செய்யும் சூழ்ச்சி எப்படி நடைபெறும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது. 1983 ஜூலையில் புதுடில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் பெயர் இல்லை. அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் எழுதியது என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க இராணுவம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கியது என்பது அதன் சாரம். 1985இல் சோவியத் வார இதழ் ஒன்று, அந்த இந்தியப் பத்திரிகையையே சான்றாகக் காட்டி அக்கதையை மீண்டும் எழுப்பியது. அங்கிருந்து அது பற்பல நாடுகளுக்கும் பற்பல மொழிகளுக்கும் பரவியது. சோவியத் உளவுத்துறையின் கைவேலை அது என்பதை ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் 1992இல் ஒப்புக்கொண்டார். தன் வாயாற் சொன்னால் எவரும் நம்பார். ஆகவே அயலான் வாயாற் சொல்வித்துப் பின் அவனையே சாட்சிக்கு அழைத்தல்! இதுவே அன்றும் இன்றும் நடைபெறும் வித்தை.

வேற்று நாட்டார் நம்மிடையே புதிய பகையை உண்டாக்க வேண்டியதில்லை; இருக்கும் வெடிப்பைக் கண்டு அதில் ஆப்பை இறக்கினாற் போதும். எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பாயிழைபோல் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 1990இன் துயரங்களை இரு சமூகத்தாரும் மறந்திலர். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டின் புண்ணும் ஆறவில்லை. இத்தகைய இடத்தில் விழும் பொய்க்கு வெறும் பேச்சென்று பெயரில்லை, அது தீக்குச்சி.

அப்படியாயின் வருவதெல்லாம் பொய்யென்று தள்ளிவிடலாமா? அதுவும் ஆகாது. 2004 டிசம்பர் 26இல் எந்த எச்சரிக்கையுமின்றிக் கடல் வந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பாற் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு அகன்றனர், பேரலை வரவில்லை. அன்று அகன்றவர் ஏமாந்தவரல்லர், அறிவுடையோர். ஆனால் 'கடல் வருகிறது' என்று வீணர் கிளப்பும் புரளியைப் பலமுறை கேட்டவன், மெய்யான எச்சரிக்கை வரும்போது பாயை விட்டு எழமாட்டான். பொய்யின் கொடிய பயன் இதுவே: அது தான் நம்பப்படுவதோடு நில்லாது, மெய்யையும் நம்பமுடியாததாக்கிவிடுகிறது.

இதற்கு மருந்து யாது? 1943இல், ஐரோப்பா யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, சுவீடன் அரசு வீடுதோறும் ஒரு சிறு நூலை அனுப்பியது. எதிர்ப்பைக் கைவிடுமாறு எச்செய்தி வந்தாலும் அது பொய்யென்று கொள்க என்பது அதில் ஒரு விதி. 2018இலும் 2024இலும் அந்நூல் புதுக்கப்பட்டது. 2022இல் இத்தகைய சூழ்ச்சிகளுக்கு எதிராக நிறுவனங்களைப் பழக்கும் ஓர் அரச அமைப்பையும் அந்நாடு நிறுவியது. அவ்விதியின் நுட்பம், அது எழுதப்பட்ட வேளையிலேயே இருக்கிறது. பொய் வந்தபின் யோசிப்பதன்று, வருமுன்னரே தீர்மானித்துவைப்பது.

நமக்கு அத்தகைய அமைப்பு வேண்டுமே என்று ஏங்க வேண்டா. மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலை என்று நம் ஊர்களில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. அவை ஒரு மாலைப் பொழுதில் கூடிச் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, நெருக்கடியிற் சங்கத்தின் சார்பிற் பேசுவார் யார், அவர் இல்லாவிடின் யார் என்று குறித்தல். பத்து வாய் பேசுமிடத்திற் பதினோராவது வாயாய்ப் பொய் நுழையும். இரண்டாவது, யாரைக் கேட்பது என்று சுவரில் எழுதிவைத்தல்: கடலைப் பற்றியதாயின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117; மற்றவற்றுக்குக் கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம், வைத்தியசாலை. மூன்றாவது, முதல் மணி நேரத்திற் சொல்லவேண்டியதை முன்னரே எழுதிவைத்தல்: எமக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, மீண்டும் இத்தனை மணிக்குப் பேசுவோம். மௌனம் நீண்டால் அவ்விடத்தை வதந்தி குடிகொள்ளும். நான்காவது, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறக்கும் அதிகாரம் பொறுப்புள்ள இருவரிடம் இருத்தல். ஆண்டுக்கு ஒருமுறை இவற்றை ஒத்திகை பார்த்தல் ஐந்தாவது.

மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. வந்த படம் எங்கே எடுக்கப்பட்டது, எந்த ஆண்டிற்குரியது, முதலிற் பதிந்தவர் யார் என்று துருவுவதில் அவர்கள் நம்மினும் வல்லவர். பாட்டனார் அனுப்பிய செய்தியைப் பரிகசியாமல் அவருடன் இருந்து ஆராய்வாராயின் வீடே ஒரு பள்ளியாகும்.

எல்லாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு. ஆரையம்பதி ஆலயச் செயலாளரின் தொலைபேசியிற் காத்தான்குடிப் பள்ளிவாசற் செயலாளரின் இலக்கம் இருக்கவேண்டும். இருந்தாற் போதாது; நள்ளிரவில் அழைத்தால் குரலைக் கொண்டே அறியத்தக்க பழக்கமும் இருக்கவேண்டும். "உங்கள் பக்கம் இப்படி ஒரு கதை வந்திருக்கிறதே, மெய்தானா?" என்று கேட்கும் ஒரு வினா, ஆயிரம் மறுப்பறிக்கைகளினும் வலியது. அப்பழக்கம் கலவர நாளிற் பிறவாது. நோன்புக் கஞ்சியிலும் பொங்கற் சோற்றிலும் சிறிது சிறிதாக வளர்வது அது.

ஓர் எச்சரிக்கை. தனக்குப் பிடியாத உண்மையைச் சொன்னவனை அந்நியரின் கையாள் என்று தூற்றும் சங்கமும் உண்டு. கணக்குக் கேட்ட உறுப்பினனை அவ்வாறு வாயடைப்பது, பொய்யை எதிர்ப்பதாகாது, பொய்யோடு சேர்வதாகும். தன் கணக்கைத் திறந்துவைத்த சங்கத்தின் சொல்லையே ஊர் நெருக்கடியில் நம்பும்.

மாரி வெள்ளம் வாவியை நிறைக்கும்போது முகத்துவாரத்து மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது இங்கு வழக்கம். யார் கூடுவது, எங்கே வெட்டுவது என்பதை வெள்ளம் முற்றத்தில் ஏறியபின் ஆராய்வாருளரோ? அடுத்த பொய் எப்போது வரும் என்று நாம் அறியோம். அது வரும்போது கரையில் நிற்கப்போகும் அயலாரின் பெயர்களையாவது இன்றே அறிந்துவைப்போம்.